ஏழு விநாடி முந்தித் திறந்த கதவு

செய்தி வந்தபோது நான் வேலை செய்யும் சின்யோரா வீட்டுக் குளியலறைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா அக்காவின் மகள் அனிற்றாதான் கைபேசியில் எடுத்தாள். "வதனி அன்ரி, அம்மா காலமை போயிட்டா. ஆஸ்பத்திரியிலைதான் நிக்கிறம்" என்றாள். "ஓம் பிள்ளை, வாறன்" என்றேன். கண்ணை மூடினேன். அக்காவின் முகம் வரும் என்று நினைத்தால், வந்தது இடுப்பளவு உயரமான ஒரு மரக்கதவும், அதன் தாழ்ப்பாளில் இருந்த அவருடைய கையும்தான். கம்பளிக் கையுறை போட்ட கை. பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் மட்டும் நுனியை வெட்டிவிட்ட கையுறை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி அனிற்றா கேட்டாள். ஒரு பக்கத்தில் அடங்காது என்று அப்போதே சொல்லிவிட்டேன். பலெர்மோவின் போர்கோ வெக்கியோப் பகுதியில் அக்காவைத் தெரியாத தமிழர் கிடையாது. மாதா திருநாளுக்குச் சோடனை செய்கிறவர், பிள்ளை பெற்ற வீட்டுக்கு மருந்துச் சரக்கு அரைத்துக் கொண்டுபோகிறவர், புதிதாக வந்தவர்களைக் கையோடு வதிவிடப் பதிவு செய்யும் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவுக்குக் கூட்டிப்போகிறவர். செத்தவீட்டில் எல்லோரும் இதைத்தான் சொன்னீர்கள். எல்லாம் உண்மை. ஆனால் ஐஸ் ஹொக்கியைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. எனக்கு முன்கோபம் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கேயே எழும்பிக் கத்தியிருப்பேன், அனிற்றாவின் முகத்துக்காக இருந்துவிட்டேன். இப்போது கத்துகிறேன். மன்னாரில் பிறந்த, ஐந்தடி உயரம்கூட இல்லாத நம்முடைய ஜெசிந்தா அக்கா, இரண்டு நாட்டு இளையோர் அணிகள் ஒன்றையொன்று அடித்து நொறுக்கிய ஆட்டத்தில் கதவு காத்தவர். அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

நகரின் ஒரேத்தோப் பக்கத்தில், முன்பு எலுமிச்சைப்பழம் குளிரூட்டி வைத்த பெரிய களஞ்சியம் ஒன்று இருந்தது. சல்வோ என்பவர் அதை எடுத்து ஐஸ் மண்டபமாக்கினார். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும், உள்ளே கோட்டுப் போட்டுக்கொண்டு நடுங்குவோம். நான் பின்னேரங்களில் சறுக்குச் சப்பாத்து வாடகைக்குக் கொடுக்கும் மேசையில் இருந்தேன். அக்கா கூட்டித் துடைக்கும் வேலை. முதல் நாள் அவர் ஐஸ் தளத்தைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. "மீன்வாடியிலை ஐஸ் கண்டிருக்கிறன். அதுக்கு மேலை ஆக்கள் ஓடுறதை இஞ்சைதான் காணுறன்" என்றார்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு பக்கமும் ஐந்து பேரும் ஒரு காப்பாளரும். கையில் நீண்ட மட்டை. கறுப்பு றப்பர் வட்டு ஒன்றை அடித்து வலைக்குள் போடவேண்டும். அவர்கள் போகிற வேகத்துக்கு நீங்கள் கண்ணை ஒருமுறை சிமிட்டினால் வட்டைத் தவறவிட்டுவிடுவீர்கள். யாராவது பிழையாக ஆடினால், காலை இடறினால், மட்டையால் இழுத்தால், இரண்டு நிமிடம் தளத்தின் ஓரத்தில் இருக்கும் கூண்டுக்குள் இருக்கவேண்டும். அந்த இரண்டு நிமிடமும் அவனுடைய அணி ஓர் ஆள் குறைவாக ஆடும். கூண்டுக்கு ஒரு கதவு, கதவுக்கு ஓர் ஆள். நேரம் முடிந்ததும் அந்த ஆள் கதவைத் திறப்பார், ஒரு விநாடிகூட முந்தக்கூடாது. மற்ற மண்டபங்களில் ஒவ்வோர் அணிக்கும் தனிக் கூண்டு இருக்குமாம். சல்வோவின் மண்டபத்தில் அதற்கு இடமில்லை. ஒரே கூண்டை நடுவில் தகரம் அடித்து இரண்டாக்கியிருந்தார். தகரத்துக்கு முன்னால் ஒரு முக்காலி, முக்காலியின் இரண்டு பக்கமும் இரண்டு கதவு.

கதவு காத்த கிழவர் ஒருநாள் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம். சல்வோ சுற்றிப் பார்த்தார், விளக்குமாற்றோடு நின்றது அக்கா ஒருவர்தான். "சின்யோரா, இன்றைக்கு மட்டும்" என்று கையெடுத்துக் கும்பிடாத குறை. அந்த இன்றைக்கு மட்டும் நாலு வருடம் நீண்டது.

முதல் நாளே புள்ளிப் பலகையில் இருந்த மணிக்கூடு ஈரத்தில் நின்றுபோனது. அடிக்கடி அப்படி நடக்கும். கூண்டுக்குள் ஒருவன் இருந்தான், எப்போது விடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. சல்வோ கைபேசியில் நேரம் பார்த்துக்கொண்டு ஓடிவர, அவர் வாய் திறக்குமுன் அக்கா கதவைத் திறந்துவிட்டார். சல்வோ பார்த்தால் சரியாக இரண்டு நிமிடம். எப்படி என்று நான் கேட்டேன். அக்கா கோட்டுப் பையிலிருந்து செபமாலையை எடுத்துக் காட்டினார். "பத்து அருள்நிறை மரியே. என்ரை வேகத்துக்கு ரெண்டு நிமிசம்." நான் நம்பவில்லை. அந்தக் கிழமை முழுக்கக் கைபேசியை வைத்துச் சோதித்தேன். கூடிப்போனால் ஒரு விநாடி வித்தியாசம். கையுறையில் விரல் நுனியை வெட்டியது மணி உருட்டுவதற்காகத்தான்.

மணிக்கூட்டைத் திருத்திய பிறகும் அவர் தலையை நிமிர்த்திப் பலகையைப் பார்த்ததில்லை. "மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டிருந்தா பொடியளைப் பாக்க ஏலாது" என்பார். பொடியள் என்று அவர் சொன்னது ஆறடிக்குக் குறையாத ஆட்களை. தோளில் கவசம், தலையில் கவசம், கோபத்தில் மூக்கால் புகை வரும். ஒருநாள் ஒருவன் கூண்டுக்குள் வந்து மட்டையைச் சுவரில் அடித்து முறித்தான். அக்கா முக்காலியை விட்டு எழும்பவில்லை. "இரு" என்றார், தமிழில்தான். அவன் இருந்துவிட்டான். நேரம் முடிந்ததும் "போ" என்றார், போனான். அதன் பிறகு அந்த மண்டபத்தில் ஆடிய எல்லாருக்கும் இரண்டு தமிழ்ச் சொல் தெரிந்திருந்தது.

அடுத்த வருடங்களில் எனக்கு ஐஸ் ஹொக்கி விசர் பிடித்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன். வட்டு ஓரப் பலகையில் மோதும் சத்தம் கேட்டால் சப்பாத்து மேசையை விட்டுவிட்டுக் கூண்டுக்குப் பின்னால் போய் நின்றுவிடுவேன். நான் கத்துவேன், அக்கா செபிப்பார். என்னுடைய சத்தத்தில் அவருக்கு ஒருநாளும் கணக்குத் தவறியதில்லை. நான் சைவம். ஆனால் பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டு எனக்கும் அந்தச் செபம் முழுதாகப் பாடமாகிவிட்டது.

பிறகு வந்தது அந்தப் போட்டி. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கான சர்வதேசப் போட்டி, நாலு நாடு. நடத்த இருந்த வேறோர் ஊர் கடைசி நேரத்தில் கைவிட்டதால் எங்களிடம் வந்தது. சல்வோ மண்டபம் முழுக்கச் சாயம் அடித்தார். நான் நாலு நாட்டுக் கொடியையும் என்னுடைய கையால் இஸ்திரி போட்டேன். அவற்றில் இரண்டு நாடுகளின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, ஏனென்றால் அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. சட்டையைப் பார்த்து சிவப்பு, நீலம் என்றுதான் சொல்லுவார். "பேரைச் சொன்னா பக்கம் எடுக்கவேண்டி வரும்." அந்த இரண்டும் ஒருகாலத்தில் ஒரே நாடாக இருந்தவை, பிரிந்த விதம் நல்லதல்ல. அதற்குமேல் எனக்குச் சரித்திரம் தெரியாது. ஆனால் பெற்றோர்கள் மேளமும் கொடியுமாக வந்து இருக்கையில் ஏறிய விதத்தைப் பார்த்தபோது, இவர்கள் விளையாட்டுப் பார்க்க வரவில்லை என்று விளங்கிவிட்டது.

முதல் சுற்றிலேயே சிவப்பும் நீலமும் மோதின. என்ன ஆட்டம் அது. மூன்று மட்டை முறிந்தது, ஒருவனுடைய பல் ஐஸில் கிடந்தது. அக்கா அதைக் கடதாசியில் சுற்றி, மருந்துபோலப் பக்குவமாக அவனுடைய பயிற்சியாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். சிவப்பில் பதினேழாம் இலக்கப் பொடியனும் நீலத்தில் நாலாம் இலக்கமும் ஒருவரையொருவர் விடவேயில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூண்டுக்கு வந்தார்கள். உள்ளே வந்தும் தகரத்தை ஆளுக்கொரு பக்கமாக உதைத்தார்கள். நடுவில் முக்காலியில் அக்கா.

"வதனி, உதைக்கவேண்டாம் எண்டு சொல்லு, எனக்கு நாரி நோகுது" என்றார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. இத்தாலிய மொழியில் சொன்னேன். இருவருக்கும் கொஞ்சம் விளங்கியது, உதை நின்றது. அக்கா பிளாஸ்கிலிருந்து இஞ்சித் தேத்தண்ணியை இரண்டு மூடியில் ஊற்றி இரண்டு பக்கமும் நீட்டினார். விதிப்படி அது கூடாது. பிறகு பதினேழைப் பார்த்து, அவனோடு உனக்கு என்ன கோபம் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். "அவனுடைய நாடு" என்றான். "அவன் உனக்கு என்ன செய்தவன்?" என்பது அக்காவின் அடுத்த கேள்வி. பொடியன் யோசித்தான். நேர்மையாகத்தான் யோசித்தான். "அவன் இல்லை. அவனுடைய தாத்தாக்கள்" என்றான். நான் அதைத் தமிழில் சொன்னதும் அக்கா தலையை ஆட்டினார். "தாத்தாமாரையும் இஞ்சை இருத்த ஏலாது, இடம் காணாது. இவனை மட்டும் இருக்கச் சொல்லு."

இறுதி ஆட்டம் ஞாயிறு பின்னேரம். மறுபடியும் சிவப்பும் நீலமும். ஆட்டம் தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அடுத்த மாதம் அக்கா பெர்மெஸ்ஸோவை, அதாவது இங்கே வசிக்கும் அனுமதியை, புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கு வேலை ஒப்பந்தம் காட்டவேண்டும். அவரிடம் இருந்த ஒரே ஒப்பந்தம் சல்வோவுடையது. அனிற்றாவுக்குப் பள்ளியில் கடைசி வருடம். அன்று காலையில்கூட, "இந்த மண்டபம் நிலைச்சு நிண்டா நானும் நிப்பன் பிள்ளை" என்று சொல்லிக்கொண்டுதான் கூண்டைத் துடைத்தார்.

மூன்றுக்கு மூன்று. முடிய நாலு நிமிடம். மேளச் சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்தது. பதினேழு ஒருவனுடைய காலை இடறினான். நடுவர் கையைத் தூக்கினார், பதினேழு கூண்டுக்குள் வந்தான். அக்கா தாழ்ப்பாளைப் போட்டார், மணியைப் பிடித்தார். நீலத்துக்கு ஓர் ஆள் அதிகம். சிவப்பின் வலையைச் சுற்றி நின்று அடிக்கிறார்கள், அடிக்கிறார்கள், காப்பாளன் காலால் தடுக்கிறான், நெஞ்சால் தடுக்கிறான், ஒருமுறை விழுந்து கிடந்தபடி கழுத்தால் தடுத்தான். நான் கூண்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டு கத்துகிறேன், யாருக்காகக் கத்துகிறேன் என்று எனக்கே தெரியாது. அப்போது இருக்கைகளில் இருந்தவர்கள் ஒரு சொல்லைச் சேர்ந்து கத்தத் தொடங்கினார்கள். ஒரு பக்கம் ஒரு சொல், மற்றப் பக்கம் இன்னொரு சொல். அது உற்சாகப்படுத்துகிற சொல் இல்லை என்பது மொழி தெரியாத எனக்கும் தெரிந்தது. அக்காவைப் பார்த்தேன். உதடு ஓடிக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. "போ" என்றார். நான் தலையை நிமிர்த்தினேன், பலகையில் ஏழு என்று இருந்தது. இன்னும் ஏழு விநாடி.

அந்தக் கணம்தான் வட்டு சிதறி வெளியே வந்தது. நாலாம் இலக்கம் அதை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கமாகத் திரும்பினான். தனக்குப் பின்னால் ஒருவன் வருவான் என்று அவன் எப்படி எதிர்பார்ப்பான்? பதினேழு பின்னாலிருந்து வட்டைத் தட்டிப் பறித்தான், தனியாகப் பறந்தான், வலைக்குள் போட்டான். நான் துள்ளிக் குதித்துவிட்டேன். பிறகுதான் நீல அணியின் ஓய்வுப் பலகையில் இருந்த எல்லோரும் மணிக்கூட்டைக் கையால் காட்டுவதைப் பார்த்தேன்.

பிறகு நடந்ததை அடிபாடு என்று சொன்னால் போதாது. நாலாம் இலக்கம் முதலில் அடித்தான். ஓய்வுப் பலகையில் இருந்தவர்கள் இரண்டு பக்கமும் வேலியைத் தாண்டிக் குதித்தார்கள். கையுறைகளும் தலைக்கவசங்களும் ஐஸ் முழுக்கச் சிதறின. நாற்பது பொடியன்கள், இருபது சண்டை. நடுவர்கள் ஒரு சோடியைப் பிரிக்க, மற்றச் சோடி அவர்கள்மேல் விழுந்தது. இருக்கையில் தகப்பன்மார் ஒருவர் கொடியை ஒருவர் இழுத்தார்கள். சல்வோ ஒலிபெருக்கியில் கெஞ்சினார். நான் கையில் முப்பத்தொன்பதாம் இலக்கச் சப்பாத்தோடு நின்றேன், எதற்கு எடுத்தேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

அக்கா முக்காலியிலிருந்து எழும்பினார். நாலாம் இலக்கம் கூண்டுக்கு முன்னால் கிடந்தான், யாரோ அவனுடைய சட்டையைத் தலைக்கு மேலால் இழுத்து மூடியிருந்தார்கள், மூக்கால் இரத்தம். அக்கா நீலப் பக்கத்துக் கதவைத் திறந்து, தோள் கவசத்தில் பிடித்து அவனை உள்ளே இழுத்தார். நாற்பத்தைந்து கிலோ மனுசி, அந்தத் தடியனை எப்படி இழுத்தார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. தாழ்ப்பாளைப் போட்டார். பிறகு சிவப்புப் பக்கத்துக் கதவைத் திறந்தார். வேலியோடு ஒட்டிப்போய் மூன்று பேரிடம் அடி வாங்கிக்கொண்டிருந்த பதினேழைச் சட்டையில் பிடித்து இழுத்தார். அதற்கும் தாழ்ப்பாள். "இரு" என்றார், இரண்டு பக்கமும் பார்த்து. தளம் முழுக்க யுத்தம் நடக்க, அதைத் தொடங்கிய இரண்டு பேரும் தகரத்துக்கு இரண்டு பக்கமும் மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தார்கள். அக்கா தன்னுடைய லேஞ்சியை நீட்டினார், நாலாம் இலக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

அடிபாடு ஓய்ந்தபின் சல்வோவின் சின்ன அறையில் விசாரணை. போட்டிக் குழுத் தலைவர் மேசையில் இருந்தார், வடக்கிலிருந்து வந்த நெடிய மனிதர். இரண்டு பயிற்சியாளர்களும் எதிரெதிர்ச் சுவரோடு நின்றார்கள். பதினேழு நடுவில். இருந்த ஒரே கமெரா வலைப்பக்கம் திரும்பியிருந்ததால் கதவு திறந்தது அதில் விழவில்லை. ஆகவே அவன் தானே கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான் என்றுதான் எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள். நேரத்துக்கு முந்தி வெளியேறி, நாடுகளுக்கிடையில் அடிபாட்டை மூட்டியதற்கு இரண்டு வருடத் தடை. இரண்டு வருடம் போனால் அவனுக்கு இளையோர் வயது போய்விடும். தலைவர் அவனைக் கேட்டார். "கதவு திறந்திருந்தது" என்றான். யார் திறந்தது? பொடியன் ஒருமுறை அக்காவைப் பார்த்தான். பிறகு தன்னுடைய காலைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை.

அறைக்குள் போகுமுன்பே சல்வோ எங்கள் இருவரையும் பிடித்துச் சொல்லியிருந்தார், தாழ்ப்பாள் தளர்வு என்று சொல்லுங்கள், வேறொன்றும் வேண்டாம் என்று. தலைவர் அக்காவைப் பார்த்துக் கேட்டார். நான் தமிழாக்கினேன். அக்கா நேரே பார்த்துச் சொன்னார், "நான்தான் திறந்தனான். செபம் கெதியா ஓடிட்டுது. பொடியனிலை பிழையில்லை."

எனக்கு பெர்மெஸ்ஸோ கண்ணுக்குள் வந்தது. அனிற்றா வந்தாள். நான் தலைவர் பக்கம் திரும்பி, அவர்களுடைய மொழியில் தெளிவாகச் சொன்னேன், "தாழ்ப்பாள் தளர்வாம். அவன் சாய்ந்தபோது தானாகத் திறந்துவிட்டதாம்."

"நோ" என்றார் அக்கா. அறை முழுக்கத் திரும்பியது. பதினைந்து வருடம் சின்யோராமார் வீட்டில் பழகிய இத்தாலிய மொழி அவருக்கு அவ்வளவுக்குப் போதும். "இயோ. நான் திறந்தேன். இவள் நல்லவள், எனக்காகப் பொய் சொல்லுகிறாள்." என்னுடைய முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

மணிக்கூடு இருக்க, நேரம் எப்படிக் கணக்கிட்டாய் என்று தலைவர் கேட்டார். அக்கா செபமாலையைக் காட்டினார். நீலப் பயிற்சியாளர் சிரித்தார், நல்ல சிரிப்பு இல்லை. தலைவர் சிரிக்கவில்லை. கழுத்தில் தொங்கிய நேரமானியைக் கழற்றி மேசையில் வைத்து, "செய்து காட்டுங்கள்" என்றார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். அருள் நிறைந்த மரியே. வெளியே இன்னும் கூச்சல் கேட்டது. முதல் மணி, இரண்டாம் மணி. நாலாவது மணியில் நீலப் பயிற்சியாளர் தொப்பியைக் கழற்றினார். ஏழு, எட்டு. பத்தாவது முடிந்ததும் அக்கா கண்ணைத் திறந்து, "முடிஞ்சுது" என்றார். தலைவர் நேரமானியை நிறுத்தி எங்களுக்குத் திருப்பிக் காட்டினார். இரண்டு நிமிடம், அதற்கு மேல் ஒரு விநாடி.

"அப்படியானால் இன்றைக்கு ஏன் ஏழு விநாடி?" என்று கேட்டார்.

அக்கா தமிழில் சொன்னார். இந்த முறை நான் ஒரு சொல்லும் மாற்றவில்லை. "பயந்திட்டன் ஐயா. அவ்வளவு சனமும் ஒரே சொல்லைச் சேர்ந்து கத்தேக்கை, அதுக்குப் பிறகு என்ன வரும் எண்டு எனக்குத் தெரியும். என்ரை ஊரிலை கேட்டனான். ஒண்டும் வரக்கூடாது எண்டு வேண்டினன், அதிலை செபம் ஓடிட்டுது. அரை மரியே குறைஞ்சிருக்கும்."

நீலப் பயிற்சியாளர் என்னைப் பார்த்துக் கேட்டார், "எங்கள் பொடியன்களுக்கும் இவர் இப்படித்தான் செபிக்கிறவரா?" அக்காவிடம் கேட்டேன். "சிவப்புக்கும் நீலத்துக்கும் ஒரே பத்துத்தான்" என்றார்.

தடை நீங்கியது. அடிபட்டதற்காக நாலுக்கும் பதினேழுக்கும் வழக்கமான சின்னத் தண்டனை, கோல் செல்லாது, மீதி ஆட்டம் நடக்கவேயில்லை. கிண்ணத்தை இரண்டு நாடும் வேண்டாம் என்றன. அது இன்றைக்கும் சல்வோவின் அலுமாரியில் இருக்கிறது, பழைய சப்பாத்து நாடாக்களைப் போட்டு வைத்திருக்கிறார். பதினேழு பேருந்துக்குப் போகுமுன் தனியாகக் கூண்டடிக்கு வந்தான். அக்கா அங்கே இரத்தம் துடைத்துக்கொண்டிருந்தார். அவனுக்குத் தெரிந்த தமிழ் இரண்டு சொல்தானே. "போ?" என்று கேட்டான். அக்கா நிமிர்ந்து, "போ" என்றார்.

பயிற்சி பெறாத ஆளைக் கதவில் வைக்கக்கூடாது என்று குழு எழுதிக் கொடுத்தது. இனிப் போட்டி எதுவும் வராது என்றும் தெரிந்துவிட்டது. சல்வோ அழாக்குறையாக அக்காவின் ஒப்பந்தத்தை முடித்தார். நான் அக்காவோடு மூன்று கிழமை கதைக்கவில்லை. எல்லாருக்கும் முன்னால் என்னைப் பொய்க்காரியாக்கினார் என்ற கோபம். அதைவிட, தன்னுடைய தலையில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொண்டாரே என்ற கோபம்.

நாலாம் கிழமை சீசாப் பகுதியில் இருந்த என்னுடைய வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஒரு போத்தல் மாசிச் சம்பல். உள்ளே வரச் சொல்லாமல் வாசலில் நிறுத்தினேன், அவ்வளவு கொழுப்பு எனக்கு. "உன்னைக் காட்டிக்குடுத்தது பிழைதான் வதனி" என்றார். "ஆனா அந்தப் பொடியன் என்னைக் காட்டிக்குடுக்கேல்லை. என்ரை கண்ணைப் பாத்தவன், தெரிஞ்சும் சொல்லேல்லை. பதினேழு வயசுப் பிள்ளை அப்பிடி நிக்கேக்கை, நான் உன்ரை பொய்க்குப் பின்னாலை ஒளிச்சு நிக்கட்டோ?" போத்தலை வாங்கிக்கொண்டு, "உள்ளை வாங்கோ" என்றேன்.

அடுத்த நாளே என்னுடைய சின்யோராவின் காலில் விழாத குறையாக நின்று, அவருடைய தங்கை வீட்டில் அக்காவுக்கு ஒப்பந்தத்தோடு வேலை எடுத்துக் கொடுத்தேன். பெர்மெஸ்ஸோ வந்தது. அனிற்றா பள்ளியை முடித்தாள். அக்கா பிறகு ஐஸ் பக்கம் போகவேயில்லை. ஆனால் எங்காவது ஆட்டம் நடந்தால் கைபேசியில் பார்த்துவிட்டு எனக்கு எடுப்பார், "வதனி, இந்தக் கதவுகாரன் பொடியளைப் பாக்கிறானில்லை" என்று குறை சொல்லுவார். போன மாதமும் சொன்னார்.

செபமாலை அனிற்றாவிடம் இருக்கிறது, அதுதான் முறை. விரல் வெட்டிய கையுறையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதைவிடப் பெரியதொன்றும் என்னிடம் இருக்கிறது. இப்போதெல்லாம் கோபம் தலைக்கேறினால் நான் உடனே வாயைத் திறப்பதில்லை. எனக்கு நானே "இரு" என்று சொல்லிக்கொண்டு, என்னுடைய சமயத்தில் இல்லாத அந்தச் செபத்தை ஒரு பத்து சொல்லுகிறேன். அநேகமாக ஏழாவது மணியில் கோபம் போய்விடுகிறது. போகாவிட்டால் கத்துகிறேன், அதுவும் உங்களுக்குத் தெரியும்.

அடக்கத்தன்று கோயில் வாசலில் நடந்ததைப் பார்த்துச் சிலர் எனக்கு விசர் என்று நினைத்தீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியை வாகனத்தில் ஏற்றிவிட்டார்கள். சந்தைத் தெருவில் வழி அடைபட்டிருந்தது, சாரதிக்கு அவசரம், பின்கதவைச் சாத்தக் கையை வைத்தான். நான் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டேன். "இரு" என்றேன். அந்தப் பலெர்மோக்காரனும் என்ன நினைத்தானோ, கையை எடுத்துவிட்டு நின்றான். அக்காவின் வேகத்தில் பத்து அருள்நிறை மரியே சொன்னேன், விரலை மடித்து எண்ணினேன், ஒன்றும் குறையவில்லை. இரண்டு நிமிடம். அதற்குப் பிறகும் நான் கதவை விடவில்லை. அவர் முந்தித் திறந்த ஏழு விநாடி இருந்ததே, அதையும் நின்று எண்ணினேன். பிறகு "போங்கோ அக்கா" என்று சொல்லிக் கையை எடுத்தேன்.